மண்ணில் உறையும் நொதிகள்

நிலத்தை நாம் தாய் என்று போற்றுகிறோம். ஆயினும் அத்தாய் தன் அடுக்களையில் எவ்வாறு சமைக்கின்றாள் என்பதைச் சென்ற ஒன்றேகால் நூற்றாண்டுக் காலத்தில்தான் அறிவியலார் ஓரளவு எட்டிப் பார்த்திருக்கின்றனர். ஓர் இலை உதிர்ந்து வயலில் விழுகின்றது. சில திங்கள் கழித்துப் பார்த்தால் அங்கே இலை இல்லை. அதில் இருந்த புரதம் அம்மோனியாவாகவும், மாப்பொருள் சர்க்கரையாகவும் சிதைந்து, ஒரு பகுதி பயிரின் வேருக்கு உணவாகிறது. எஞ்சிய பகுதி கறுத்து, மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கிறது. இம்மாற்றங்களைச் செய்பவை நுண்ணுயிர்கள் என்று பள்ளிப் பாடங்கள் கூறுகின்றன. அது உண்மை, ஆயினும் முழு உண்மை அன்று. தச்சன் மறைந்த பிறகும் அவன் உளி பட்டறையில் கிடப்பதுபோல, நுண்ணுயிர் மடிந்த பிறகும் அது ஆக்கிய கருவி மண்ணில் தங்கியிருக்கிறது. தச்சன் உளி தானே செதுக்காது. இக்கருவியோ தானே வேலை செய்யும். அதற்குத்தான் நொதி என்றும் என்சைம் என்றும் பெயர்.

இந்நொதிகளை மண்ணிலிருந்து தனியே பிரித்தெடுக்க அறிஞர்கள் நெடுங்காலம் முயன்றனர். அம்முயற்சியின் வரலாற்றையும், அம்முயற்சியால் நாம் கற்றுக்கொண்ட ஒரு பெரிய உண்மையையும் மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம். இவ்வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும், நம் நெல் வயலுக்கும் உரிய இடம் உண்டு. அதனை நாம் மறந்துவிடலாகாது என்பதும் இவ்வுரைக்கு ஒரு காரணம்.

முதலில் நொதி என்பது யாது என்று காண்போம். தான் மாறாமல் நின்று, பிற பொருள்களின் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் உயிர்ப்பொருளே நொதி. 1833-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான பாயன், பெர்சோ என்னும் இருவர் முளைவிட்ட பார்லியின் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றி, மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளை வீழ்படிவாக எடுத்தனர். அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். என்சைம் என்ற சொல்லை 1877-இல் வழங்கியவர் ஜெர்மானியரான கூனே. எனினும், நொதித்தல் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே நிகழும் என்ற கொள்கை வலுவாகவே இருந்தது. 1897-இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரற்ற அச்சாற்றினாலேயே சர்க்கரை நொதிப்பதைக் காட்டினார். அதன் பின்னரே அக்கொள்கை வீழ்ந்தது. இதற்காக அவருக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்கு வெளியே நொதி வேலை செய்யும் என்றால், கோடானுகோடி நுண்ணுயிர்கள் தோன்றி மடியும் மண்ணிலும் அத்தகைய நொதிகள் இருக்க வேண்டும் அன்றோ? புக்னரின் ஆய்வு வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், அதாவது 1899-இல், அமெரிக்கரான ஆல்பர்ட் உட்ஸ் என்பவர் தாவரங்களின் ஆக்சிஜனேற்ற நொதிகள் மண்ணிலும் இருப்பதாக அறிவித்தார். அழுகும் வேர் முதலிய உறுப்புகளிலிருந்து அவை மண்ணை அடையக்கூடும் என்பது அவர் கருத்து. மண்ணின் நொதியைப் பற்றிய முதற்செய்தி இதுவே என்று கொள்வர். பின்னர் ஜெர்மனியில் கோனிக் முதலியோர், ஹைட்ரஜன் பெராக்சைடை மண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி ஆக்சிஜன் வெளியேறுவதை ஆராய்ந்தனர்.

இங்கேதான் ஐயம் எழுந்தது. மண்ணில் உள்ள மாங்கனீஸ் டை ஆக்சைடு போன்ற கனிமங்களும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்க வல்லவை. பொங்கி வந்த நுரை நொதியின் செயலா, கனிமத்தின் செயலா? ஒருவேளை நொதியே ஆயினும், அது மண்ணில் தனித்துக் கிடப்பதா, உயிருள்ள பாக்டீரியாவின் வயிற்றுக்குள் இருப்பதா? இவ்விரண்டு வினாக்களும் தீராதவரை மண் நொதி என்பது ஒரு கருத்தாகவே நின்றது. பாக்டீரியாவை அடக்கிவிட்டுச் சோதிப்பதற்கு டொலுவீன் என்னும் திரவத்தை மண்ணில் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. டொலுவீன் நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கும். பல நொதிகளை அவ்வளவாகக் கெடுக்காது. ஆயினும் அது செல்லின் மென்தோலைச் சிதைத்து உள்ளிருப்பதை வெளியே கசியவும் விடும். ஆகவே அம்முறையால் கிடைத்த விடையும் ஐயத்துக்கு இடமாகவே இருந்தது.

இனி, இவ்வரலாறு நம் வயலுக்கு வருகின்றது. காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு நீர் தேங்கிய நிலம் புதிதன்று. திருவரங்கத்தைச் சூழ்ந்த வயல்களில் கொழிஞ்சியையும் பூவரசந் தழையையும் சேற்றில் மிதித்து, நீர் கட்டி, நாற்று நடுவது நம் முன்னோரின் வழக்கம். நீருக்கு அடியில் காற்றுப் புகாத அச்சேற்றில் என்ன நிகழ்கிறது என்ற கேள்வியை முதன்முதல் விரிவாக எடுத்துக்கொண்டவர்களுள் கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஹாரிசன், பி. ஏ. சுப்பிரமணிய ஐயர் ஆகிய இருவர் உண்டு. 1913 முதல் வெளிவந்த அவர்கள் ஆய்வுரைகள், சேற்றிலிருந்து எழும் குமிழிகளில் மீத்தேன், நைட்ரஜன் முதலிய வாயுக்கள் இருப்பதைக் காட்டின. சேற்றின் மேற்பரப்பில் படரும் பாசிப் படலம் வேருக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவதில் பங்கு கொள்வதையும் விளக்கின.

அவ்வழியில் அடுத்த பெரிய அடியை வைத்தவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். 1902-இல் பிறந்த இவர் இளமையிலேயே இங்கிலாந்து சென்று, ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். லாஸ், கில்பர்ட் என்னும் இருவரால் 1843-இல் தொடங்கப்பெற்று, வேளாண் அறிவியலுக்குத் தலைசிறந்த இடமாக விளங்கிய நிலையம் அது. அங்கிருந்து 1927-இல் நீர் தேங்கிய மண்ணின் உயிர் இரசாயனம் பற்றி அவர் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார். நீர் கட்டுவதால் மண்ணின் நைட்ரஜன் வடிவங்களும், அமிலக் காரத் தன்மையும், வாயு நிலையும், பாக்டீரியாக் கூட்டமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை முதற்கட்டுரை ஆராய்ந்தது. இரண்டாம் கட்டுரையின் தலைப்பே அதன் முடிவைச் சொல்லிவிடும்: நீர் தேங்கிய மண்ணில் ஒரு டீஅமினேஸ் இருத்தல் என்பது அதன் பொருள். அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவைப் பிரிக்கும் நொதியே டீஅமினேஸ்.

இதன் சிறப்பை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெல்லுக்கு நைட்ரஜன் உணவு பெரும்பாலும் அம்மோனியா வடிவில் கிடைக்கிறது. அந்த அம்மோனியா பிறக்கும் இடத்தில், உயிருள்ள பாக்டீரியாவுடன் ஒரு நொதியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அவர் கூறினார். அந்நாளில் நொதி என்பது புரதமா அன்றா என்பதே உலகில் முடிவாகவில்லை. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில், இளமையில் ஒரு கையை இழந்திருந்த ஜேம்ஸ் சம்னர், வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஜாக் அவரையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக எடுத்து, அது புரதமே என்று அறிவித்தது 1926-இல். அதனை அறிவுலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. நோபல் பரிசு அவரை அடைந்தது 1946-இல்தான். அவரையிலிருந்து நொதியை எடுத்த செய்தியே நம்பப்படாத நாளில், மண்ணில் நொதியைத் தேடினார் நம்மவர். மண் நொதியை அவரே முதலில் கண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு முன்னும் சிலர் உண்டு. ஆயினும் கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறிடும் சேற்று வயலின் வளத்தை நொதி என்னும் கோணத்தில் நோக்கிய பெருமை அவருக்கு உரியது.

அவர் பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர் இரசாயனப் பேராசிரியராக இருந்து, சேற்று நிலத்தின் ஆராய்ச்சியை மாணவர்களோடு தொடர்ந்தார். 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானார். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறை அந்நிலையத்தில் உருவானதே. 1960-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையில் தஞ்சைத் தரணிக்கு வந்து நெல் பதனிடும் ஆராய்ச்சிக்கு அடிகோலினார். 1979-இல் மறைந்தார். உணவு விஞ்ஞானி என்று அவரை நாடு அறியும். சேற்றில் நொதியைத் தேடிய இளைஞரை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தின் தலைவன் யூரியா. யூரியா சிறுநீரில் உள்ள பொருள். இன்று ஆலைகளில் செய்யப்பட்டு உரமாகவும் விற்கப்படுவது. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். யூரியாவைப் பெரும்பாலும் அந்த வடிவிலேயே பயிர் உண்பதில்லை. அது அம்மோனியாவாகச் சிதைய வேண்டும். வெறும் நீரில் கரைத்து வைத்தால் அச்சிதைவுக்கு ஆண்டுகள் ஆகும். ஈர மண்ணில் இட்டாலோ சில நாள்களில் முடிந்துவிடும். இந்த விரைவைத் தருவது சம்னர் அவரையில் கண்ட அதே யூரியேஸ் இனத்து நொதி. 1935-இல் இத்தாலியரான ரொத்தினி மண்ணில் யூரியேஸ் இருப்பதைத் தெரிவித்தார். 1940 முதல் கலிபோர்னியாவில் கான்ராட் அதனை விரிவாக ஆராய்ந்தார். நுண்ணுயிர் அடங்கிய மண்ணிலும் யூரியா சிதைவதைக் கண்ட அவர், மண்ணின் அங்ககப் பொருள்கள் அந்நொதிக்கு ஏதோ ஒரு காவலாக இருக்க வேண்டும் என்று கருதினார். அக்கருத்து மெய்ப்பிக்கப்பட முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

டொலுவீனால் தீராத ஐயத்தை 1957-இல் வேறொரு வழி பெருமளவு தீர்த்தது. பெர்க்லி நகரில் மக்லாரன் என்பவரும் அவர் துணைவர்களும் மண்ணின்மீது எலெக்ட்ரான் கதிர்களைப் பாய்ச்சினர். நுண்ணுயிர்கள் அனைத்தும் மடிந்தன. ஒன்றும் முளைக்காத அந்த மண்ணில் யூரியாவை இட்டபோது அது சிதையவே செய்தது. இறந்த மண் வேலை செய்தது! பின்னர் 1960-களின் இறுதியில் ஸ்குஜின்ஸ், மக்லாரன் ஆகிய இருவர் அலாஸ்காவின் உறைமண்ணைச் சோதித்தனர். ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுடைய அந்த மண்ணிலும் யூரியேஸின் செயல் எஞ்சியிருந்தது. நம் கல்லணைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட காலத்தது அம்மண் என்றால் அதன் பழமையை நீங்கள் உணரலாம்.

இப்போது ஒரு புதிர் எழுகிறது. நொதி ஒரு புரதம். மண்ணோ புரதத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் நிறைந்த இடம். அவை புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை வெளியே உமிழ்ந்து, சிதைந்ததை உறிஞ்சி வாழ்கின்றன. ஜாக் அவரையிலிருந்து எடுத்த தூய யூரியேஸை மண்ணில் கலந்தால் அதன் செயல் விரைவில் குன்றிப் போகிறது. அவ்வாறிருக்க, மண்ணுக்கே உரிய யூரியேஸ் மட்டும் எவ்வாறு தப்பிப் பிழைக்கிறது?

களிமண் காக்கிறது என்றனர் சிலர். களித்துகளின்மீது ஒட்டிய புரதம் எளிதில் சிதைவதில்லை என்று 1942-இல் என்ஸ்மிங்கர், கீஸ்கிங் என்னும் அமெரிக்கர் இருவர் காட்டியிருந்தனர். கான்ராட் சொன்ன அங்ககப் பொருளே காக்கிறது என்றனர் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்க ஒரே வழி, நொதியை மண்ணிலிருந்து வெளியே எடுத்து, அது யாரோடு கைகோத்து வருகிறது என்று பார்ப்பதே.

சொல்வது எளிது, செய்வதோ அரிது. மண்ணை நீரில் கலக்கி வடித்தால் நொதி மிகச் சிறிதளவே வருகிறது. மண்ணின் கறுப்புப் பொருளான மக்கைக் கரைத்தெடுக்க 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிந்த முறை ஒன்று உண்டு. 1786-இல் ஜெர்மானியரான அக்கார்டு என்பவர் காரநீரால் புல்கரி மண்ணிலிருந்து கறுப்புச் சாற்றை எடுத்தார். வலிய காரத்தில் மக்கு நன்றாகவே கரையும். ஆனால் நொதி அதில் கெட்டுவிடும். மென்மையான உப்புக் கரைசலில் நொதி கெடாது. ஆனால் வெளியே வராது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடுவழியைத் தேடுவதிலேயே ஆராய்ச்சியாளர்களின் காலம் கழிந்தது. 1963-இல் பிரிக்ஸ், சீகல் என்போர் மண்ணிலிருந்து யூரியேஸைப் பிரித்தெடுத்ததாக வெளியிட்டது ஒரு மைல்கல். எனினும் நொதியை இவ்வாறு தூய்மைப்படுத்துவது எல்லா மண்ணிலும் எளிதில் கைகூடவில்லை.

1972-இல் பர்ன்ஸ், எல்-சயீத், மக்லாரன் ஆகிய மூவர், தூய நொதியைத் தேடுவதை விட்டு, மண்ணிலிருந்து யூரியேஸும் அங்ககப் பொருளும் இணைந்த ஒரு கூட்டுப்பொருளையே பிரித்தெடுத்தனர். களிமண் நீங்கிய சாற்றில் நொதியின் செயல் இருந்தது. பர்ன்ஸ், மக்லாரன் முதலியோர் அதே ஆண்டில் செய்த சோதனை இவ்வரலாற்றின் உச்சி எனலாம். புரதத்தைச் சிதைப்பதில் வல்ல ப்ரோனேஸ் என்னும் நொதியை அவர்கள் அச்சாற்றில் சேர்த்தனர். தூய யூரியேஸ் ஆயின் ப்ரோனேஸ் அதனைச் சிதைத்துவிடும். மண்ணிலிருந்து வந்த யூரியேஸோ அசையவில்லை. களிமண் இல்லாத சாற்றிலேயே இவ்வாறு நிகழ்ந்ததால், முதன்மையான காவலன் அங்ககப் பொருள்தான் என்பது தெளிவாயிற்று.

காவல் எத்தகையது? அவர்கள் தந்த விளக்கத்தைத் திருவரங்கத்தை அறிந்தவர்க்கு எளிதில் சொல்லலாம். அரங்கன் கோயிலைச் சுற்றி ஏழு மதில்கள் உள்ளன. மனிதன் வாயில்களின் வழியே நுழைந்து நுழைந்து உள்ளே செல்கிறான். பெரிய தேரோ கருவறையை நெருங்க இயலாது. அது வீதியோடு நின்றுவிடும். அவ்வாறே மக்கின் பெரிய மூலக்கூறுகள் நொதியைச் சுற்றி வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அவ்வலையில் நுண்ணிய புழைகள் உண்டு. யூரியாவின் மூலக்கூறு எடை 60. அது புழையில் புகுந்து நொதியை அடைகிறது. சிதைந்த அம்மோனியாவும் கரியமில வாயுவும் அதனினும் சிறியவை, எளிதாக வெளியேறுகின்றன. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளோ பல்லாயிரம் எடையுடையவை. அவை மதிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஜாக் அவரை யூரியேஸின் எடை ஏறத்தாழ 5 லட்சம். அத்துணைப் பெரிய பொருள் உள்ளிருந்து வெளியேறவும் இயலாது. சிறையும் அதுவே, அரணும் அதுவே.

1974-இல் இத்தாலியின் நன்னிப்பியேரி, செக்காந்தி முதலியோர் மண்ணிலிருந்து யூரியேஸை எடுக்கப் பைரோபாஸ்பேட் என்னும் உப்பின் கரைசலைக் கையாண்டனர். அதன் உபாயம் நுட்பமானது. மக்கையும் களிமண்ணையும் பிணைத்து நிற்பவை கால்சியம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அயனிகள். பைரோபாஸ்பேட் அவ்வயனிகளைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. கட்டு அவிழ்ந்ததும் மக்கு தன்னுள் இருக்கும் நொதியோடு கரைசலுக்கு வந்துவிடுகிறது. வலிய காரம் தேவைப்படுவதில்லை. ஆகவே நொதியும் கெடுவதில்லை. கிடைக்கும் சாறு காப்பி போன்று கறுத்திருக்கும். அக்கறுப்பைப் போக்கி வெண்மையான தூய நொதியை எடுக்க முனைந்தவர்கள் ஒன்றைக் கண்டனர்: கறுப்பை முழுதும் நீக்குவது மிக அரிது, நீக்க நீக்க நொதியின் நிலைபேறும் குறைகிறது. தோழமையைப் பிரித்தால் ஆயுளும் குன்றுகிறது என்பதே அவர்கள் கற்ற பாடம்.

இதனை வெறும் சோதனைச்சாலைச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. இதில் நம் சோற்றின் கணக்கு அடங்கியிருக்கிறது. மக்கு குறைந்தால் நொதிக்கு அரண் இல்லை. அரண் இல்லையேல் ஒவ்வொரு பருவத்திலும் மண் தன் கருவிகளைப் புதிதாகவே செய்துகொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய உணவும் அம்மண்ணில் இராது. நம் நாட்டின் வெப்பமோ மக்கை விரைந்து எரித்துவிடுகிறது. தட்பவெப்பமும் சாகுபடியும் இந்திய மண்ணின் அங்ககப் பொருளை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஹான்ஸ் ஜென்னி, எஸ். பி. ராய் சௌத்ரி ஆகியோர் ஆராய்ந்து 1960-இல் நூலாக வெளியிட்டனர். மண் பரிசோதனை நிலையங்கள் அங்ககக் கரிமம் நூற்றுக்கு 0.5-க்குக் கீழிருந்தால் குறைவு என்றும், 0.75-க்கு மேலிருந்தால் மிகுதி என்றும் கொள்கின்றன. தமிழகத்து நிலங்களில் குறைவு என்ற முத்திரை பெறுவன ஏராளம்.

1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் பெயரோடு ஒரு நெல் இணைந்திருப்பதைப் பெரியோர் அறிவர். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றிய செய்தி வானொலி வாயிலாகத் தஞ்சை உழவர்களிடம் பரவியது. அவர்கள் அதற்கு வானொலி நெல் என்றே பெயரிட்டனர். இத்தகைய புதிய நெல் வகைகள் இரசாயன உரத்தை விரும்பி ஏற்று மிகுந்த விளைச்சல் தந்தன. நாட்டின் பசி தணிந்தது. அந்நன்றியை மறத்தல் தகாது. ஆனால் யூரியா மூட்டை எளிதில் கிடைத்ததும் தழையெருவும் தொழுவெருவும் பல இடங்களில் பின்தள்ளப்பட்டன. யூரியாவை அம்மோனியாவாக்கும் நொதி மண்ணில் நிற்பதற்கே அங்ககப் பொருள் வேண்டும். அவ்வாறு பிறந்த அம்மோனியா காற்றோடு போகாமல் ஒட்டிக்கொள்வதற்கும் களியும் மக்கும் வேண்டும். மேற்பரப்பில் தூவிய யூரியா விரைந்து சிதைந்து, பிடித்துவைக்க ஏதுமின்றி, ஆவியாகப் போனால் உழவனின் பணமும் அதனோடு போகிறது. 2015 முதல் நம் நாட்டில் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வழங்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் மண்ணில் மக்கு செய்யும் வேலையை அந்த எண்ணெய் செய்ய இயலாது.

நான் வாழும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து இவ்வுண்மையின் இரு முகங்களையும் காணலாம். வடக்கே காவிரியைக் கடந்தால் திருவரங்கத் தீவின் வண்டல் நிலம். ஆண்டாண்டாக ஆறு கொணர்ந்த வண்டலும், வாழைச் சருகும், நெல்லின் தாளும் கலந்து கறுத்த மண் அது. தென்மேற்கே திண்டுக்கல் சாலை வழியே சென்றால் நவலூர் குட்டப்பட்டு. அங்கே அன்பில் தருமலிங்கம் பெயரால் வேளாண்மைக் கல்லூரி உள்ளது. அப்பகுதியில் களர் நிலம் மிகுதி. களர் மண்ணின் காரத்தன்மை மிகுந்திருக்கும். சோடியம் மிகுந்து மண்ணின் கட்டமைப்பு குலைந்திருக்கும். சோதனைச்சாலையில் காரம் மக்கைக் கரைத்தது என்று சொன்னேன் அல்லவா? களர் நிலத்தில் இயற்கையே அதைச் செய்கிறது. மக்கு கரைந்து, நீர் வற்றும்போது மேற்பரப்பில் கரிய படலமாகப் படிகிறது. நொதிகளின் அரண் குலைகிறது. அத்தகைய மண்ணில் இட்ட யூரியாவின் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாக வெளியேறுவதும் மிகுதி.

அதற்கு மருந்து என்ன? ஜிப்சம் இட்டுச் சோடியத்தை வெளியேற்றுவர். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் மக்கையும் களியையும் மறுபடியும் பிணைக்கும். பின்னர்த் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவர். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 2, திருச்சி 3 என்னும் நெல் வகைகளும் இங்கிருந்து வெளிவந்தவையே. பைரோபாஸ்பேட் கால்சியத்தைப் பறித்து மக்கை விடுவித்தது. ஜிப்சம் கால்சியத்தைக் கொடுத்து மக்கைக் கட்டுகிறது. ஒரே இரசாயனத்தின் இரு திசைகள் இவை. நொதியை மண்ணிலிருந்து எடுக்கக் கற்றவர்கள், அதனை மண்ணில் நிறுத்தி வைக்கும் வழியின் காரணத்தையும் நமக்கு விளக்கிவிட்டனர்.

நகரத்தார்க்கும் இதில் பங்கு உண்டு. சுப்பிரமணியன் பணியாற்றிய அதே பெங்களூர்க் கழகத்தில் சி. என். ஆச்சார்யா என்பவர் நகரக் குப்பையையும் கழிவையும் குழியில் அடுக்கி எருவாக்கும் முறையை வகுத்தார். அது பெங்களூர் முறை என்றே உலகெங்கும் வழங்குகிறது. நம் வீதிகளில் நாள்தோறும் குவியும் காய்கறிக் கழிவும் இலைச் சருகும் எரியூட்டத் தக்கவை அல்ல. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வயலில் ஒரு நொதிக்கு மதிலாக எழ வேண்டியவை. சருகைக் கொளுத்துகிறவர் வெறும் குப்பையை எரிக்கவில்லை. மண்ணின் அரணையே எரிக்கிறார் என்பது என் எண்ணம்.

இத்துறையில் வேலை முடிந்துவிடவில்லை. மண்ணில் எந்த நொதிக்குரிய மரபணுக்கள் உள்ளன என்பதை இன்று விரைவில் அறிய முடிகிறது. ஆயினும், ஒரு மண்ணின் நொதிச் செயலில் எவ்வளவு உயிருள்ள செல்லுக்கு உரியது, எவ்வளவு மக்கில் பதிந்தது என்று பகுத்துரைப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது. களியும் மக்கும் சேர்ந்து காக்கும் இடங்களில் எதன் பங்கு எவ்வளவு என்பதும் மண்ணுக்கு மண் மாறுபடுகிறது. குளிர் நாடுகளின் மண்ணில் கண்ட முடிவுகள் காவிரிச் சேற்றுக்கும், நவலூர்க் களருக்கும், கோவில்பட்டிக் கரிசலுக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை நம் சோதனைச்சாலைகளே தேடிக் காண வேண்டும். கோயமுத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயல் போன்ற அரிய களங்கள் நமக்கு உள்ளன. 1927-இல் ஓர் இளைஞர் தம் நாட்டு உழவனின் சேற்றை மனத்தில் கொண்டு, கடல் கடந்த சோதனைச்சாலையில் தொடங்கிய தேடலை, இன்று இம்மண்ணிலேயே இருந்து தொடரும் வாய்ப்பு நம் மாணவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இரசாயனமும் உயிரியலும் கற்கும் மாணவர் ஒருவர், தம் ஊர் வயலின் ஒரு பிடி மண்ணைக் கல்லூரிச் சோதனைச்சாலைக்கு எடுத்துச் சென்று, அதில் யூரியா எத்துணை நேரத்தில் சிதைகிறது என்று அளந்து பார்ப்பாராயின், அத்தேடலில் அவரும் ஒருவர் ஆவார்.